வாய்க்கால் மேட்டில் வேண்டுதல் சைக்கிள்

காலை 5.52. காளிங்கராயன் அணைக்கட்டில் முதலில் கண்ணில் பட்டது, மதகின் இரும்புச் சக்கரத்தில் காயப்போட்டிருந்த ஒரு பள்ளிச் சீருடைச் சட்டை. அதற்குக் கீழே பவானி ஆற்றுத் தண்ணீர் சத்தமில்லாமல் வாய்க்காலுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. சட்டையின் கைகள் இரண்டும் காற்றில் தெற்கே நீண்டிருந்தன. நாங்கள் போக வேண்டிய திசையும் அதுதான்.

நாங்கள் என்றால் நானும் என் மனைவியின் தம்பி தங்கவேலும். எனக்கு அறுபத்து மூன்று வயது. கோயம்புத்தூரில் ஒரு நாளிதழில் முப்பத்தோரு ஆண்டு மற்றவர்கள் எழுதிய செய்தியைத் திருத்திவிட்டு ஓய்வு பெற்றவன். தங்கவேலுக்கு ஐம்பத்தாறு. கணபதியில் பம்பு மோட்டாருக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறான்.

சென்ற ஆண்டு ஓர் இயந்திரக் கண்காட்சிக்காக அவன் ஹாலந்து போனான். கண்காட்சி மூன்று நாளில் முடிந்தது. மீதி ஆறு நாளும் அங்கே ஒரு வாடிக்கையாளர் அவன் கையில் ஒரு சைக்கிளைக் கொடுத்து வாய்க்கால் கரைகளில் சுற்றவிட்டார். ஒன்பது நாளும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்று நாலு கிலோ இளைத்துத் திரும்பிய தங்கவேல், விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே பேச ஆரம்பித்தான். அங்கே சைக்கிளுக்குத் தனி ரோடு. தனி சிக்னல். ஹாரன் கிடையாது. மேடு கிடையாது. வாய்க்காலுக்குப் பக்கத்திலேயே போய்க்கொண்டிருக்கலாம். அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இதெல்லாம் நம்மிடமும் இருக்கிறது, நாம்தான் ஏறி மிதிக்கவில்லை என்றான். அடுத்த மாதம் கியர் வைத்த சைக்கிள் இரண்டு வாங்கினான். ஒன்று அவனுக்கு. இன்னொன்று யாருக்கு என்று அப்போது சொல்லவில்லை.

அவன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் தெரிந்தது. எங்கள் பக்கம் பத்திரிகை தபாலில் போகாது. வீட்டுக்கு நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்துக் கொடுக்க வேண்டும். ஒற்றை ஆளாகப் போகக் கூடாது. தங்கவேலின் மனைவி தன் பக்கத்து உறவுகளுக்குக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தங்கவேலின் பக்கத்து உறவுகள் பெரும்பாலும் பவானியிலிருந்து கொடுமுடி வரை காளிங்கராயன் வாய்க்காலை ஒட்டியே இருந்தார்கள். வாய்க்கால் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். மூன்று நாள் போதும் என்று கணக்குப் போட்டிருந்தான்.

அந்த வாய்க்காலின் கடைசிப் பகுதியில், கொடுமுடிக்கு முன்னால், அவனுடைய அண்ணன் குமாரசாமியின் தோட்டம் இருக்கிறது. இருவரும் பேசிப் பதினோரு ஆண்டு ஆகிறது. தங்கவேல் கோயம்புத்தூரில் வீடு கட்டிக் குடிபோனபோது வேலை மும்முரத்தில் அண்ணனுக்குப் பத்திரிகையை டிரைவரிடம் கொடுத்தனுப்பிவிட்டான். குமாரசாமி டிரைவரை நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடுத்தார். பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்தார். "நீங்க வந்து கூப்பிட்டீங்க, உங்க ஊட்டு விசேஷம்னா வாரேனுங்க" என்றார். சொன்னபடியே இரண்டு ஆண்டு கழித்து அந்த டிரைவர் மகளின் காதுகுத்துக்குப் போய் மொய்யும் வைத்தார். தங்கவேல் வீட்டு வாசலை இன்றுவரை மிதிக்கவில்லை.

இப்போது அண்ணன் இல்லாமல் ஆகாது. கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு. மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவள் நின்று செய்வது. தங்கவேலுக்கு ஒரே மகன், பெண் இல்லை. சொந்த அக்கா தங்கை இல்லாவிட்டால் பெரியப்பன் மகள் செய்ய வேண்டும். குமாரசாமியின் மகள் சுகன்யாதான் அந்தப் பெரியப்பன் மகள். தூரத்துப் பங்காளி வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டும் செய்யலாம். ஆனால் மண்டபத்தில் ஆயிரம் பேர் முன்னால் அப்படிச் செய்வது, அண்ணன் தம்பி சேரவில்லை என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பதற்குச் சமம்.

என்னைக் கூட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. என் மனைவி சரோஜா இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்தவள். இரண்டு வீட்டிலும் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு வீட்டிலும் அடுத்த வீட்டைப் பற்றிப் பேசியதில்லை.

*

வாய்க்கால் மேட்டில் போக்குவரத்தே கிடையாது என்பது தங்கவேலின் வாதம். முதல் மூன்று மணி நேரத்தில் நான் குறித்துக்கொண்டது: ஆடுகள் பதினேழு. அவற்றுக்குப் பின்னால் கைப்பேசியில் மகளைத் திட்டிக்கொண்டே வந்த ஓர் அம்மாள். வாழை இலைக் கட்டு ஏற்றிய டிவிஎஸ் ஃபிப்டி ஒன்று. ஓட்டுகிறவர் தெரியாத அளவுக்குச் சோளத்தட்டு ஏற்றிய இன்னொன்று. கார் இல்லை, லாரி இல்லை. இடது பக்கம் தென்னை, வலது பக்கம் முழங்கால் உயர மஞ்சள் செடி, நடுவே தண்ணீர். தங்கவேல் சொன்னது பொய்யில்லை.

ஆனால் ஹாலந்து வாய்க்கால்கள் அளவுகோல் வைத்துக் கிழித்தவை. காளிங்கராயன் அப்படியல்ல. காலை ஏழு மணிக்குக் கோயில் கோபுரம் ஒன்று இடதுகைப் பக்கம் தெரிந்தது. ஏழரைக்கு அதே கோபுரம் வலதுகைப் பக்கம். எட்டு மணிக்கு மறுபடியும் இடதுகைப் பக்கம். அதைச் சுட்டிக்காட்டினேன். அங்கேயும் காற்றாலைகள் இப்படித்தான் தெரியும் என்றான். "ஹாலந்தில்" என்ற சொல்லை அன்று மதியத்துக்குள் முப்பத்தொரு முறை சொன்னான். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

எதிரே வந்த ஒவ்வொருவரும் வண்டியை நிறுத்தினார்கள். பளபளக்கும் தலைக்கவசம் போட்ட நடுவயதுக்காரர்கள் இருவர் மேட்டில் சைக்கிள் மிதித்தால் அதற்கு ஒரு காரணம்தான் இருக்க முடியும். "வண்டிக்கு என்னாச்சுங்க?"

"ஒண்ணுமாகலீங்க. இதுதான் வண்டி" என்பான் தங்கவேல்.

அவர்கள் நம்பவில்லை. ஒருவர் தன் மருமகனுக்கு ஃபோன் போட்டு மெக்கானிக்கை வரச்சொல்லிவிட்டார். மெக்கானிக்கை வேண்டாமென்று திருப்பி அனுப்பப் பத்து நிமிடம் ஆனது. இன்னொருவர் குட்டியானை வண்டியில் சைக்கிள்களை ஏற்றிக்கொள்ளும்படி அரைக் கிலோமீட்டர் பின்னாலேயே மெதுவாக ஓட்டி வந்தார். உதவி வேண்டாம் என்று சொல்வது எங்கள் பக்கம் ஒரு விதமான வசவு. அதைச் சொல்லாமல் சொல்லத் தங்கவேல் பட்ட பாடு, சைக்கிள் மிதித்ததைவிடப் பெரிது.

ஈரோட்டுக்குள் மட்டும் குட்டியானைக்குச் சம்மதித்தோம். அங்கே வாய்க்கால் கரை கரையாக இல்லை, வீடுகளின் பின்பக்கமாக இருக்கிறது. லுங்கிக் கட்டுகளின் மேல் சைக்கிளைப் படுக்கவைத்து, நாங்களும் கட்டுகளின் மேல் உட்கார்ந்து ஊரைத் தாண்டினோம். இதை எழுதக் கூடாது என்று தங்கவேல் கேட்டுக்கொண்டான்.

முதல் பத்திரிகை அதற்கு முன்பே கொடுத்தாகிவிட்டது. அவனுடைய சித்தப்பா மகள் ராசாத்தியின் வீடு. சைக்கிளின் பின்னால் ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தை மஞ்சள் துண்டால் கட்டியிருந்தோம். அது வெயிலில் மின்னிக்கொண்டும், பள்ளத்தில் ஜிங்கென்று அடித்துக்கொண்டும் வந்தது. ராசாத்தி சந்தகையும் தேங்காய்ப்பாலும் வைத்தாள். தங்கவேல் ஹாலந்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினான். அவள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "அப்படீங்ளா" என்றாள். முகத்தில் ஒரு சொல்லும் பதியவில்லை.

அவன் கைகழுவப் போனதும் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏனுங் மச்சான், நெசமாச் சொல்லுங்க. தங்கவேலண்ணனுக்கு ஏதாச்சும் வேண்டுதலுங்களா?"

முப்பத்தோரு ஆண்டுப் பழக்கம் நாக்கில் வந்து நின்றது. தெரியாத விஷயத்தை உறுதி செய்யவும் கூடாது, மறுக்கவும் கூடாது.

"அவன் மனசுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படீங்க தெரியும்" என்றேன்.

ராசாத்தி மெதுவாகத் தலையை ஆட்டினாள். வாசலுக்கு வந்து எங்களை வழியனுப்பியபோது இரண்டு சைக்கிள்களின் முன்சக்கரத்திலும் ஒரு சொட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். மரியாதைக்குச் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

*

இரண்டாம் நாள் காலையில் இடுப்புக்குக் கீழே எதுவும் எனக்குச் சொந்தமாக இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

எட்டரைக்கு முதல் போக்குவரத்து நெரிசல். வாத்துகள். வேறொரு வயலுக்கு மேய்ச்சலுக்காக இரண்டு பேர் ஓட்டிக்கொண்டு போனார்கள். மேட்டின் அகலம் முழுவதும் வாத்து. முன்னால் ஐம்பது மீட்டருக்கும் வாத்து. முந்த முடியாது. மணி அடித்தால் அவை ஓடவில்லை, நின்று யார் என்று திரும்பிப் பார்த்தன. இருபத்தைந்து நிமிடம் வாத்து நடையில் போனோம். ஓட்டுகிறவரில் மூத்தவர் திரும்பித் திரும்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். பிறகு அவர் கண் தாம்பாளத்தில் பட்டது. மஞ்சள் துண்டில் பட்டது. காலில் இருந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். மேட்டை விட்டு வாத்துகளைத் தண்ணீருக்குள் இறக்கி எங்களுக்கு வழிவிட்டார்.

மனிதர்கள் எவ்வளவு பண்பாக இருக்கிறார்கள் பாருங்கள் என்றான் தங்கவேல். ஹாலந்தில் யாரும் செருப்பைக் கழற்றியதில்லையாம்.

அன்று யாரும் வண்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. நேற்று நிறுத்தி நிறுத்தி விசாரித்த அதே மாதிரி ஆட்கள், இன்று ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். ஓர் அம்மாள் ஓடி வந்து சொம்பில் தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடிக்கப் போனேன். அது காலில் ஊற்ற. இரண்டு பேரின் காலிலும் ஊற்றினார். தங்கவேலின் காலில் இருந்தது ஹாலந்தில் வாங்கிய ஷூ. அது காய இரண்டு நாள் ஆனது. எனக்கு அப்போதே விஷயம் புரிய ஆரம்பித்துவிட்டது. சைக்கிளில் ஏறிக்கொண்டேன்.

மதியம் பாசூர்ப் பக்கம் பங்காளி கந்தசாமியின் தோட்டம். பவானியிலிருந்தே தங்கவேல் இந்த வீட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தான். கந்தசாமி நாட்டுக்கோழியை அடித்து, சின்ன வெங்காயமும் வரமிளகாயும் போட்டு, மசாலா எதுவும் சேர்க்காமல் எண்ணெயில் வதக்குகிறவர். சொந்தக்காரர்கள் அதற்காகவே துக்கத்துக்குக்கூட அந்த வீட்டுக்கு விரும்பிப் போவார்கள்.

இலையில் அரிசியும் பருப்பும் சோறு விழுந்தது. பக்கத்தில் நெய். கத்தரிக்காய்ப் பொரியல். தயிர். அப்பளம். தங்கவேல் அடுத்த பாத்திரத்துக்காகச் சமையல் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்ததாக வந்தது இன்னும் கொஞ்சம் நெய்.

"நாங்களும் ரெண்டு நாளைக்குச் சுத்தமா இருந்துக்கறமுங்க" என்றாள் கந்தசாமியின் மனைவி, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு.

நல்லதுங்க என்றான் தங்கவேல், எதற்கு என்று தெரியாமல். கொல்லையில் ஒரு சேவல் நிதானமாக நடந்து போனது. அவன் அதைப் பார்த்தபடியே தயிர் ஊற்றிக்கொண்டான்.

மூன்று மணிக்கு என் பின்சக்கரத்தில் சீமைக்கருவேல முள் ஏறியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஊருக்குள் இறங்கினோம். புளியமரத்தடியில் பஞ்சர் கடை. கடைக்காரர் ட்யூபை வெளியே எடுத்து அரை நிமிடம் பார்த்தார். ஓட்டை அடைப்பது சுலபம், காற்று அடிப்பதுதான் சிரமம் என்றார். எங்கள் வால்வின் மூக்கு பென்சில் முனை மாதிரி. அவர் பம்பின் வாய் அதற்குப் பொருந்தவில்லை. தங்கவேல் ஹாலந்தில் இப்படித்தான் வால்வு இருக்கும் என்று விளக்கினான். அங்கேயே காற்றும் அடித்துக்கொண்டு வந்திருக்கலாமே என்றார் கடைக்காரர், கோபமே இல்லாமல். அரைமணி நேரம் எதையோ தேய்த்து, எதையோ நறுக்கி, பழைய ட்யூபின் வால்வை அதில் ஒட்டவைத்துக் காற்று அடித்தார். அந்தச் சக்கரம் இன்றுவரை இறங்கவில்லை.

தங்கவேல் பணத்தை நீட்டினான். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பின்வாங்கினார்.

"வேண்டுதலுக்குப் போறவங்ககிட்டக் காசு வாங்கறதில்லீங்க."

"என்ன வேண்டுதலுங்க?"

"அதை நான் சொல்லக்கூடாதுங்களே" என்றார் அவர், மிகுந்த மரியாதையோடு.

தங்கவேல் மெதுவாக என் பக்கம் திரும்பினான். தண்ணீர் ஊற்றிய அம்மாள், செருப்பைக் கழற்றியவர், கொல்லையில் நடந்த சேவல் எல்லாம் அவன் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின.

"மாமா. ராசாத்திகிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமே சொல்லலை."

"அதுதானுங்க பண்ணிப்போட்டீங்க."

அப்போது சரோஜா ஃபோனில் வந்தாள். செய்தி எங்களைவிட வேகமாக வாய்க்கால் வழியே போயிருந்தது; போகிற வழியில் வளர்ந்தும் இருந்தது. ராசாத்தி வீட்டில் கிளம்பும்போது அது ஏதோ வேண்டுதல். பாசூரில் அது கல்யாணம் நல்லபடி நடக்கச் சைக்கிளில் வருகிற வேண்டுதல். குமாரசாமியின் வீட்டை எட்டியபோது அதற்கு முழு உருவம் வந்துவிட்டது. அண்ணன் கையில் பத்திரிகையை வைக்கிறவரை காரில் ஏறுவதில்லை, காலில் செருப்புப் போடுவதில்லை என்று தங்கவேல் சென்னிமலை முருகனுக்கு வேண்டியிருக்கிறானாம். அண்ணி அழுதுவிட்டாராம். அண்ணன் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டாராம்.

முப்பத்தோரு ஆண்டில் நான் நறுக்கிய செய்திகள் எத்தனையோ. இவ்வளவு நன்றாக வளர்ந்த ஒன்றை அவற்றில் பார்த்ததில்லை.

பாசூரைத் தாண்டி அன்று இரவு தங்கிய வீட்டில் தங்கவேலிடம் நான் சொல்லிப் பார்த்தேன். வேண்டுதல் என்றே இருந்துவிட்டுப் போகட்டும். யாருக்கும் நட்டமில்லை. அண்ணன் இறங்கி வருகிறார், சுகன்யா இணைச்சீருக்கு வருவாள், காரியம் முடிந்தது. ஷூவை மட்டும் கழற்றிவிடு.

"சாமி பேரைச் சொல்லிப் பொய்யாக் கூப்பிட்டு அவர் வந்து நின்னா, நான் அவரு மூஞ்சியை எப்படிங்க மாமா பாக்கறது" என்றான்.

சரி, உண்மையைச் சொல். பதினோரு ஆண்டுக் கோபத்தில் இருக்கிற அண்ணன் வீட்டுக்கு, ஆசைக்காக, அரைக்கால் சட்டையோடு, விளையாட்டாகச் சைக்கிளில் வந்தேன் என்று சொல். டிரைவரை அனுப்பியதே பரவாயில்லை என்று ஆகிவிடும்.

அதுவும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

*

மூன்றாம் நாள் காலை 9.40க்குக் குமாரசாமியின் தோட்டத்து வாசலில் இறங்கினோம். தங்கவேல் வேட்டிக்கு மாறியிருந்தான். காலில் ஈர ஷூ அப்படியே இருந்தது. கழற்றினால் அதுவும் பொய்யாகும் என்றான். வேட்டி கட்டி ஷூ போட்டுத் தலைக்கவசத்தோடு தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு நின்றவனை நாய்கூடக் குரைக்காமல் பார்த்தது.

அண்ணி வெளியே ஓடி வந்தார். பின்னாலேயே சுகன்யா. அண்ணன் இல்லை.

"எட்டு மணிக்கே காரை எடுத்துட்டு உங்களைக் கூட்டியாரப் போய்ட்டாருங்க" என்றார் அண்ணி. "பாதி வழியில வெச்சே பத்திரிகையை வாங்கிப்போட்டா வேண்டுதல் முடிஞ்சுபோகும், அப்பறம் தம்பியைக் கார்ல ஏத்திக்கலாம்னு சொன்னாருங்க. அவன் வெறுங்கால்ல மிதிச்சுக்கிட்டு வாரதை ஊரு பாக்கோணுமான்னு கேட்டாரு."

பதினோரு ஆண்டு பேசாதவர் காரை எடுத்துக்கொண்டு எதிரே கிளம்பியிருக்கிறார். நாங்கள் வாய்க்கால் மேட்டில் வந்தோம். அவர் தார் ரோட்டில் போயிருக்கிறார். ஃபோன் போட்டேன். அது சமையலறையில் அடித்தது.

அண்ணி இலை போடட்டுமா என்றார். தங்கவேல் மறுத்தான். பத்திரிகையை நீங்களாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அண்ணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். பிறர் கையில் கொடுத்த பத்திரிகையில்தான் எல்லாமே ஆரம்பித்தது.

வேப்பமரத்தடியில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். தாம்பாளம் அவன் மடியில். வெற்றிலையின் மேல் ஈ உட்காரும்; அவன் ஓட்டுவான். ஒரு மணி நேரம் இதுவே நடந்தது.

10.45க்குப் பக்கத்துக் காட்டில் களையெடுக்கும் ஓர் அம்மாள் வேலியோரம் வந்து நின்றார். பெரியவரின் கார் வாய்க்கால் மேட்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்றார். ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி.

மறுபடியும் ஏறி மிதித்தோம்.

ரோட்டில் எங்களைக் காணாமல் குமாரசாமி ஒரு தடத்தில் ஏறி மேட்டுக்கே வந்திருக்கிறார். கார் போகாத இடம் அது. அண்மையில் கரை உடைந்து புதுமண் கொட்டிய இடத்தில் பின்சக்கரம் அச்சுவரை இறங்கியிருந்தது. முன்சக்கரம் ஒன்று தரையில் படவே இல்லை. காருக்குப் பக்கத்தில் முழங்கால் வரை சேற்றோடு, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குமாரசாமி நின்றார். அறுபத்தாறு வயது. வெள்ளை மீசை. எங்களைப் பார்த்ததும் வேட்டியை அவிழ்த்துவிட்டார். சேறு மறைந்தது.

தங்கவேல் சைக்கிளை விட்டு இறங்கினான். இருவருக்கும் நடுவே பத்தடி இருந்தது. அண்ணன் அவன் காலைப் பார்த்தார்.

"ஷூ போட்டிருக்கற."

"ஆமாங்ணா." தங்கவேல் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். "வேண்டுதல் எல்லாம் ஒண்ணுமில்லீங்ணா. அது யாரோ கட்டிவிட்டது."

அந்த யாரோவான நான் வாய்க்காலைப் பார்த்தபடி நின்றேன்.

"வேண்டுதல் இல்லையா?"

"இல்லீங்க."

"காரு?"

"அவ எடுத்துட்டுப் போயிருக்காளுங்க. அவங்க பக்கத்து ஒறம்பரைக்கு."

"டிரைவர்?"

"அவளோடதானுங்க போயிருக்காரு."

"பஸ் ஓடுதில்ல."

"ஓடுதுங்க."

"அப்பறம் எதுக்குடா பவானியிலிருந்து சைக்கிள் மிதிச்சுட்டு வார?"

ஹாலந்து வரப்போகிறது என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. தங்கவேல் தண்ணீரைப் பார்த்தான், தென்னையைப் பார்த்தான், உண்மையைச் சொன்னான்.

"நல்லாருக்குதுங்ணா."

குமாரசாமி நடந்து வந்தார். தம்பியைத் தாண்டி என் சைக்கிளிடம் வந்தார். இருக்கையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"இது குத்தாதா?"

"குத்துங்க" என்றான் தங்கவேல்.

தங்கவேல் மஞ்சள் துண்டை அவிழ்த்துத் தாம்பாளத்தை எடுத்தான். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேண்டுதல்னா இங்கியே வாங்கலாம்னு இருந்தேன். அதுதான் இல்லைங்கறயே. ஊட்டுக்கு வந்து முறையாக் குடு."

பிறகு என்னிடம் திரும்பினார். "மாப்பிள்ளை, காரைச் சித்த நேரம் பாத்துக்குங்க. டிராக்டர் அனுப்பறேன்."

என் சைக்கிளை மேட்டின் நடுவே நிறுத்தினார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார். அவர் கடைசியாகச் சைக்கிள் மிதித்தது எப்போது என்று தங்கவேல் கேட்டான். சுகன்யா பிறப்பதற்கு முன்னால் என்றார். ஏறினார். முதல் இருபது மீட்டர் மேட்டின் முழு அகலமும் அவருக்குத் தேவைப்பட்டது. ஒரு முறை தண்ணீர்ப் பக்கம் போனார், தங்கவேல் கத்தினான், திரும்பினார். கியர் எங்கோ கடகடவென்று மாறியது. அப்புறம் நேராகப் போனார். தங்கவேல் தாம்பாளத்தோடு பின்னால் போனான். வளைவுக்கு முன்னால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் போனார்கள். வாய்க்கால் வளைந்தது, மறைந்தார்கள். சற்று நேரத்தில் அடுத்த வளைவில், வாழைத் தோப்புக்கு அப்பால், மறுபடி தெரிந்தார்கள். இப்போது இடதுகைப் பக்கம். அண்ணன் ஒரு கையை விட்டுவிட்டு எதையோ சுட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில் இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை. பின்னால் கேட்டதற்குத் தங்கவேல், மஞ்சள் விலையைப் பற்றி என்றான்.

கார் நிழலில் உட்கார்ந்திருந்தேன். அந்த வழியே வந்தவர்கள் ஒவ்வொருவரும் நிறுத்தி, வண்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்கள். முதல் முறையாக எனக்குச் சரியான பதில் இருந்தது. அதை அனுபவித்துச் சொன்னேன். மூன்று பேர் மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டார்கள். மூன்று மெக்கானிக்குகளும் வந்தார்கள். டிராக்டர் 12.50க்கு வந்தபோது காரைச் சுற்றிப் பதினோரு பேர் இருந்தோம். அதில் யோசனை சொல்லாதவன் நான் மட்டும்.

தோட்டத்துக்குத் திரும்பியபோது சாப்பாடு முடிந்திருந்தது. எனக்குத் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். பத்திரிகை கொடுத்ததை நான் பார்க்கவில்லை. கூடத்தில் பாய் இன்னும் விரித்தபடி இருந்தது. தாம்பாளம் காலியாக அதன் மேல் இருந்தது. குமாரசாமி நாற்காலியில் பின்பக்கம் முழுவதும் படாமல் ஓரமாக உட்கார்ந்து, பத்திரிகையைக் கண்ணாடி போட்டு எழுத்தெழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தார். தன் பெயர் எங்கே அச்சாகியிருக்கிறது என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் முகூர்த்த நேரத்தில் ஓர் அச்சுப்பிழை கண்டுபிடித்தார். நான் திருத்திய பத்திரிகை அது.

சுகன்யா மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தங்கவேலிடம் கேட்டாள்.

"சித்தப்பா, இணைச்சீருக்கு நான் எத்தனை மணிக்கு மண்டபத்துல இருக்கோணும்?"

தங்கவேல் மோரை முழுவதும் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்தான்.

"விடியக்காலம் மூணரைக்கு வந்தாப் போதும் கண்ணு."

கல்யாணத்தன்று அவள் மூன்று இருபதுக்கு வந்தாள்.